கற்பனைப் போர் விமானத்துக்கு எந்த கிட்டை வெட்டுவது? ஃபியூரியின் ஒற்றை இறக்கை வடிவத்துக்கான வழிகள்

1933-இல் பிரிட்டனின் ஹாக்கர் விமான நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி காம், தமது ஃபியூரி என்னும் இரட்டை இறக்கைப் போர் விமானத்தை ஒற்றை இறக்கையோடு மறுபடி வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஃபியூரியின் சாயலில் அமைந்த உடல், ரோல்ஸ்-ராய்ஸ் காஸ்ஹாக் எஞ்சின், மடங்காத சக்கரக்கால்கள் என்பதே அந்த யோசனையின் சுருக்கம். அது அப்படியே கட்டப்படவில்லை. பின்னாளில் மெர்லின் என்று பெயர் பெற்ற பி.வி.12 எஞ்சின் கைக்கு வந்ததும் வரைபடம் அதற்கேற்ப மாறியது. மாறிய வடிவம் 1935 நவம்பர் 6 அன்று ஹரிக்கேனாகப் பறந்தது. இடையில் விடுபட்ட அந்தப் படி உண்மையாகவே கட்டப்பட்டு, 1936 வாக்கில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு ஸ்குவாட்ரனில் (படைப்பிரிவில்) சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை 1/72 அளவு (நிஜத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) மாடலாகச் செய்ய விரும்புகிறவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, எந்த கிட்டை (ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டியை) வாங்கி எங்கே ரம்பம் வைப்பது என்பதுதான்.

இதற்குப் பல வழிகள் உண்டு. பெரும்பாலானோர் செலவையும் வேலையின் அளவையும் வைத்தே அவற்றை ஒப்பிடுகிறார்கள். கற்பனை விமானத்துக்கு அது போதாது என்பது என் கருத்து. உண்மையான விமானத்தின் மாடலில் ஒரு தவறு இருந்தால் புகைப்படத்தைக் காட்டித் திருத்திவிடலாம். இல்லாத விமானத்துக்குப் புகைப்படம் கிடையாது. அந்தக் காலத்து வடிவமைப்பாளரை இறுக்கிப் பிடித்திருந்த கட்டாயங்கள்தான் அங்கே அளவுகோல். புல்தரையில் இறங்க வேண்டிய வேகம், அப்போது கைக்குக் கிடைத்த எஞ்சின், அடிக்கடி சிக்கிக்கொள்ளும் விக்கர்ஸ் துப்பாக்கிகளை விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க வேண்டிய நிலை ஆகியவற்றுக்கு மாடல் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வழியையும் இந்தக் கேள்விகளின் முன் நிறுத்திப் பார்ப்போம்.

மிக எளிய வழி, வடிவத்தைத் தொடாமல் வண்ணத்தை மட்டும் மாற்றுவது. ஆரம்பகால ஹரிக்கேனின் கிட் ஒன்றை வாங்கி, அந்நாளைய வெள்ளி நிறத்தை அடித்து, பக்கவாட்டில் ஸ்குவாட்ரன் பட்டைகளை வரைந்துவிட்டால் ஒரு வார இறுதியில் வேலை முடிந்துவிடும். பார்க்கவும் அழகாகவே இருக்கும். ஆனால் அது வேறு உடை அணிந்த ஹரிக்கேன்தானே தவிர, காம் வரைந்த நடுப்படி ஆகாது. முதன்முறையாக வெள்ளி நிறப் பூச்சைப் பழகிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேன். மற்றவர்கள் கடந்து போகலாம்.

இரண்டாவது வழியின் பக்கம்தான் எல்லோருடைய மனமும் முதலில் போகிறது: இரட்டை இறக்கை விமானம் ஒன்றின் கிட்டை எடுத்து, மேல் இறக்கையை விட்டுவிட்டுக் கட்டுவது. மாடல் கிட் நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 2013-இல் புதிய அச்சில் வெளியிட்ட 1/72 கிளாடியேட்டர் நேர்த்தியானது. மேல் இறக்கை இல்லையென்றால் தாங்கு கால்களும் இல்லை, மாடல் கட்டுகிறவர்களின் பொறுமையைச் சோதிக்கும் இழுகம்பிகளும் இல்லை. இவ்வளவு சலுகைகள் ஒன்றாகக் கிடைக்கும்போது ஆசை வருவது இயல்பே.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசை தணிந்துவிடும். கிளாடியேட்டரின் மொத்த இறக்கைப் பரப்பு ஏறத்தாழ 30 சதுர மீட்டர். ஆயுதங்களோடும் எரிபொருளோடும் எடை 2,150 கிலோ அளவில் வரும். மேல் இறக்கையை எடுத்துவிட்டால் பரப்பு பாதியாகி, ஒரு சதுர மீட்டர் இறக்கை சுமக்க வேண்டிய எடை 140 கிலோவைத் தாண்டிவிடுகிறது. ஆரம்ப ஸ்பிட்ஃபயரில் இந்தச் சுமை 120 கிலோவுக்குள்தான் இருந்தது. அதாவது நீங்கள் கற்பனை செய்யும் 1930-களின் நடுப்பகுதி விமானம், தனக்குப் பின்னால் வந்த ஸ்பிட்ஃபயரைவிட வேகமாகத் தரையிறங்க வேண்டியிருக்கும். எந்த ஸ்குவாட்ரன் தளபதியும் அதைப் புல்தரையில் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். ஃபியூரியின் கதை இன்னும் மோசம். அதன் கீழ் இறக்கை மேல் இறக்கையைவிடக் குட்டையானது, அகலமும் குறைந்தது. மேல் இறக்கையைக் கழற்றிய ஃபியூரி மாடலைப் பார்த்தவுடன் ஏதோ குறைகிறது என்று கண் சொல்லிவிடும், குறைவது பரப்புதான்.

கிளாடியேட்டரை எடுப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. அது பிரிஸ்டல் மெர்குரி என்னும் காற்றால் குளிரும் வட்ட எஞ்சின் பொருத்திய விமானம். அந்த எஞ்சினோடு ஒற்றை இறக்கைப் போர் விமானம் ஒன்றை பிரிஸ்டல் நிறுவனமே டைப் 133 என்ற பெயரில் கட்டி 1934-இல் பறக்கவிட்டது. 1935 மார்ச்சில் சுழன்று விழுந்து அந்த ஒரே விமானமும் அழிந்தது. ஆகவே மெர்குரி பொருத்திய ஒற்றை இறக்கை விமானம்தான் வேண்டும் என்றால், கற்பனையை விட்டுவிட்டு டைப் 133-ஐயே செய்யலாம். அதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன, ஆனால் அது வேறு வேலை.

மூன்றாவது வழி இதற்கு நேர் எதிரானது. பிற்கால ஒற்றை இறக்கை விமானத்தை எடுத்து அதன் வயதைக் குறைக்க வேண்டும்: காக்பிட்டைத் திறந்ததாக்கி, சக்கரக்கால்களை மடங்காதவையாக்கி, மூன்று அலகுப் புரொப்பல்லருக்குப் பதில் இரண்டு அலகு மரப் புரொப்பல்லரைப் பொருத்த வேண்டும். ஸ்பிட்ஃபயர் கிட் எங்கும் மலிவாகக் கிடைப்பதால் பலர் அதை எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த நீள்வட்ட இறக்கையை விமானம் பற்றி எதுவும் தெரியாதவர்கூட அடையாளம் கண்டுகொள்வார். எவ்வளவு மாற்றினாலும் அது மாறுவேடம் போட்ட ஸ்பிட்ஃபயராகவே நிற்கும். இறக்கையை மாற்றினாலும் தோல் காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பிட்ஃபயரின் உடல் உலோகத் தகடே பாரம் தாங்கும் கட்டமைப்பு. ஹாக்கர் விமானங்களோ உலோகக் குழாய்ச் சட்டத்தின் மேல் மர வளையங்களும் நீளச் சட்டங்களும் வைத்துப் பின்பகுதிக்குத் துணி போர்த்தியவை. ஒன்றின் மேல் மற்றதன் வெள்ளிப் பூச்சை அடித்தால், துணிக்கு அடியில் சட்டங்கள் தெரிய வேண்டிய இடத்தில் தகடுகளின் இணைப்புக் கோடுகள் தெரியும்.

ஹரிக்கேனுக்கு இந்தக் குறை இல்லை. அதன் பின்னுடல் ஃபியூரியின் அதே கட்டுமான முறையில் வந்தது. ஏர்ஃபிக்ஸின் துணி இறக்கைப் பதிப்பில் இறக்கையின் குறுக்குச் சட்டங்களும் மெலிதாகப் புடைத்துத் தெரிகின்றன. சிக்கல் மூக்கில் இருக்கிறது. மெர்லின் 27 லிட்டர் எஞ்சின். அதற்கு முந்தைய, ஃபியூரியில் இருந்த கெஸ்ட்ரல் 21 லிட்டர்தான். காஸ்ஹாக்கும் கெஸ்ட்ரலின் வழிவந்ததே. எனவே மூக்கின் பருமனை இரு பக்கமும் குறைத்து, நீளத்தையும் குறைக்க வேண்டும். 1/72 கிட்டின் பிளாஸ்டிக் சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் வருவது அரிது. தேய்த்துக்கொண்டே போனால் ஓட்டை விழுந்துவிடும், உள்ளே முன்கூட்டியே புட்டி நிரப்பிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகும் ஹரிக்கேனின் திமில் முதுகு மிஞ்சுகிறது. மூடிய காக்பிட்டுக்காக உயர்த்தப்பட்ட அந்த முதுகைத் திறந்த காக்பிட்டுக்குப் பொருந்தும்படி செதுக்கி இறக்கினால், உடலில் மாற்றாத பகுதி என்று வால் மட்டுமே எஞ்சும். அவ்வளவு செதுக்குவதென்றால் வேறு உடலையே தேடுவது நல்லது.

அந்தத் தேடல் நான்காவது வழியில் கொண்டுபோய் விடுகிறது: ஃபியூரியின் உடல், ஹரிக்கேனின் இறக்கை. இரண்டு கிட்கள் வாங்க வேண்டும், செலவு இரட்டிப்பு. ஆனாலும் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். காரணத்தை எண்களே சொல்கின்றன. ஃபியூரியின் இரண்டு இறக்கைகளும் சேர்ந்து 23.4 சதுர மீட்டர். ஹரிக்கேனின் ஒற்றை இறக்கை 23.9 சதுர மீட்டர். இரட்டை இறக்கை சுமந்ததை ஒற்றை இறக்கை சுமக்க வேண்டும் என்றால் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு, காமின் சொந்தக் கையே பக்கத்துக் காகிதத்தில் பதில் எழுதிவைத்தது போல இருக்கிறது.

அளவுகளைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஹரிக்கேனின் இறக்கை விரிவு 12.19 மீட்டர், 1/72-இல் 169 மில்லிமீட்டர். ஃபியூரியின் மேல் இறக்கை 9.14 மீட்டர்; மாடலில் 127 மில்லிமீட்டர். ஹரிக்கேனைவிட மிகவும் இலேசான ஃபியூரி உடலுக்கு 169 மில்லிமீட்டர் விரிவு சற்று அதிகம். பார்வைக்கும் கிளைடர் போலத் தோன்றும். இங்கே ஹரிக்கேனின் அமைப்பு நமக்கு உதவுகிறது. அதன் இறக்கை, உடலோடு சேர்ந்த மையப்பகுதி ஒன்றும், மேல்நோக்கிச் சாயும் வெளிப்பகுதிகள் இரண்டுமாகப் பிரிகிறது. சக்கரங்கள் மடங்கிப் புகும் குழி மையப்பகுதியில்தான் இருக்கிறது. வெளிப்பகுதிகளை மட்டும் அந்த இணைப்புக் கோட்டில் அறுத்து எடுத்துக்கொண்டு, மையப்பகுதியைப் பிளாஸ்டிக் தகட்டால் புதிதாகச் செய்தால், குழியை அடைக்கும் வேலை அறவே இல்லாமல் போகிறது. புதிய மையப்பகுதியைப் பழையதைவிட 10 மில்லிமீட்டர் குறுக்கினால் மொத்த விரிவு 159 மில்லிமீட்டராகும்; நிஜ அளவில் 11.5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரப்பு 22 சதுர மீட்டர் அளவில் நிற்கும். விமானம் 1,900 கிலோ என்று வைத்துக்கொண்டால் சதுர மீட்டருக்கு 86 கிலோ சுமை வருகிறது. ஃபியூரியின் 68-க்கும் ஹரிக்கேனின் 118-க்கும் நடுவே, ஓர் இடைப்பட்ட விமானம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.

இறக்கையை உடலில் எங்கே பொருத்துவது என்பதில் கவனம் வேண்டும். ஃபியூரியின் கீழ் இறக்கை இருந்த அதே இடத்தில் ஒட்டிவிடத் தோன்றும், ஏனென்றால் கிட்டில் அதற்கான பள்ளம் தயாராக இருக்கிறது. ஆனால் ஃபியூரியில் மேல் இறக்கை கீழ் இறக்கையைவிட முன்தள்ளி நின்றது; விமானத்தின் எடைமையம் இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளியைச் சார்ந்திருந்தது. ஒற்றை இறக்கை அந்தப் பொதுப் புள்ளியைத் தேடி முன்னே நகர வேண்டும். பெட்டியிலுள்ள ஃபியூரியின் இரண்டு இறக்கைகளையும் பக்கவாட்டுப் படத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றிலும் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால்பங்கு தூரத்தில் ஒரு கோடு போடுங்கள். அவ்விரு கோடுகளுக்கும் நடுவே, பெரிய மேல் இறக்கையின் பக்கம் சற்றுச் சாய்ந்தாற்போல் ஒரு புள்ளியைக் குறித்து, புதிய இறக்கையின் கால்பங்குக் கோட்டை அதன் மேல் அமர்த்துங்கள். இப்படிச் செய்தால் முன்விளிம்பு பழைய பள்ளத்துக்கு முன்னால் சில மில்லிமீட்டர் தள்ளி வரும். பள்ளத்தைத் தகடு வைத்து அடைத்து உப்புத்தாளால் சமன்செய்யும் வேலை கூடுகிறது. அதற்குப் பயந்து பழைய இடத்திலேயே ஒட்டினால், விமானம் வால்பாரத்தில் பின்னால் சாய்ந்துவிடுமோ என்ற உணர்வைப் பார்க்கிறவருக்குத் தந்துகொண்டே இருக்கும்.

துப்பாக்கிகளுக்கு இரண்டு விதமான தீர்வு உண்டு. ஹரிக்கேன் இறக்கையின் எட்டுத் துளைகளையும் புட்டியால் அடைத்துவிட்டு, ஃபியூரியின் மூக்கில் மேற்புறம் உள்ள இரண்டு விக்கர்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்நாளில் விமானத்துறை அமைச்சகம் வெளியிட்ட எஃப்.7/30 என்னும் தேவைப்பட்டியல் நான்கு துப்பாக்கிகள் கேட்டது. ஆரம்ப கிளாடியேட்டர்கள் சிலவற்றில் கீழ் இறக்கையின் அடியில் லூயிஸ் துப்பாக்கிகளைத் தொங்கவிட்டதைப் பின்பற்றி, இறக்கைக்கு அடியில் சிறிய உறையுடன் பக்கத்துக்கொன்று வைப்பது எனக்குப் பிடித்த தீர்வு. சக்கரக்கால்களுக்கு ஃபியூரியின் வி வடிவத் தாங்குகளும் குறுக்கு அச்சும் பொருந்தா. ஒரு மில்லிமீட்டர் தகடுகள் மூன்றை ஒட்டி, காற்சட்டை போன்ற உறைகளைச் செதுக்கி இறக்கையின் மையப்பகுதியில் நிறுத்த வேண்டும். விமானத்தைக் கிடைமட்டமாகப் பிடித்தால் புரொப்பல்லரின் நுனி தரையிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டராவது விலகி நிற்கும்படி கால்களின் உயரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

ஃபியூரி உடலை எங்கே வாங்குவது என்பது நடைமுறைக் கேள்வி. 1970-களில் மேட்ச்பாக்ஸ் வெளியிட்ட 1/72 ஃபியூரி, இன்றும் பழைய கிட்கள் விற்பவர்களிடம் கிடைக்கிறது. மேட்ச்பாக்ஸுக்கே உரிய முறையில் பாகங்கள் வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கில் வந்திருக்கும். பிரைமர் அடிக்காமல் வெள்ளி அடித்தால் அந்த நிறவேறுபாடு மேலே தெரியும். சிறுபதிப்பு நிறுவனங்களின் புதிய கிட்கள் கூர்மையானவை. ஆனால் பாதிகளைச் சேர்க்கும் முளைகள் பெரும்பாலும் இருக்காது, விலையும் கூடுதல். எப்படியும் வெட்டப்போகிற உடல் என்பதால் நான் பழையதையே எடுப்பேன். அரிய கிட்டை ரம்பத்துக்குக் கொடுக்க மனம் வராதவர்கள் ஹாக்கர் ஹார்ட் அல்லது டீமன் உடலைப் பரிசீலிக்கலாம், ஆனால் அவை இருவர் அமரும் விமானங்கள். பின் காக்பிட்டை மூடுவதோடு உடலின் நடுவிலும் ஒரு துண்டு வெட்டியெடுக்க நேரும்.

ஐந்தாவது வழி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. கணினியில் வரைந்து ரெசின் பிரின்டரில் அச்சிடுவது இப்போது எளிதாகிவிட்டது என்கிறார்கள். வரையத் தெரிந்தவருக்கு அது உண்மை. இறக்கை விரிவை ஐந்து மில்லிமீட்டர் குறைத்து மறுநாளே இன்னொன்று அச்சிட்டுப் பார்க்கும் சுதந்திரம் ரம்பத்தால் கிடைக்காது. ஆனால் ஃபியூரி போன்ற விமானத்தில் துணியின் மென்மையான தொய்வு, சட்டங்களுக்கு இடையே உண்டாகும் நிழல், இவற்றைக் கணினியில் வரைவது பலருக்குக் கைவருவதில்லை. ஒன்று கத்தி போல் கூரிய விளிம்புகளாக வருகின்றன, அல்லது ஒன்றுமே தெரியாத வழவழப்பாக வருகிறது. அச்சு அடுக்குகளின் கோடுகளைத் தேய்க்கும்போது இருந்த மென்மையும் போய்விடும். மூக்கு, சக்கர உறைகள், லூயிஸ் துப்பாக்கியின் உறை போன்ற உலோகப் பாகங்களை மட்டும் அச்சிட்டு, துணிப் பகுதிகளைக் கிட்களிலிருந்து எடுப்பது இரண்டின் பலத்தையும் பயன்படுத்தும் முறை.

கிட் முடிவானதும் எஞ்சின் கேள்வி வந்து நிற்கும். காமின் வரைபடத்துக்கு விசுவாசமாக இருந்தால் காஸ்ஹாக்தான். அந்த எஞ்சினில் தண்ணீர் கொதித்து ஆவியாகி, இறக்கையின் முன்விளிம்பில் உள்ள குளிர்விப்பான்களுக்குள் போய் மறுபடி நீராகும். ரேடியேட்டரே வெளியே துருத்தாது என்பது காகிதத்தில் பெரிய கவர்ச்சி. நடைமுறையில், சூப்பர்மெரின் டைப் 224 இதே முறையோடு 1934 பிப்ரவரியில் பறந்தபோது, உயரத்துக்குப் போகப்போக நீரைத் திருப்பி அனுப்பும் பம்புகள் ஆவியில் திணறின, எஞ்சின் சூடேறியது. எஃப்.7/30 போட்டியில் இறுதியில் ஆணை பெற்றது மெர்குரி பொருத்திய கிளாடியேட்டர்தான். ஆகவே காஸ்ஹாக் வைத்த மாடல் ஒரு சோதனை விமானமாக மட்டுமே நம்பும்படி இருக்கும்: ஸ்குவாட்ரன் பட்டைகள் இல்லாமல், முன்விளிம்பில் நெளிவுகள் கீறிய மெல்லிய தகடு ஒட்டி, டைப் 224-இன் கே2890-ஐப் போன்ற கே வரிசைத் தொடரெண் ஒன்றை வாலில் எழுதி. எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அது ஏற்கெனவே பிரபலமான வேறொரு விமானத்துக்கு உரியதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்குவாட்ரனில் சேவை செய்த விமானமாகக் காட்ட வேண்டுமென்றால் கெஸ்ட்ரல் 6-ஐ வைப்பதே பொருத்தம். ஃபியூரியின் இரண்டாம் வகையில் இருந்த 640 குதிரைத்திறன் எஞ்சின் அது; வயிற்றின் கீழுள்ள ரேடியேட்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாம், கிட்டில் அது தயாராக இருக்கிறது. வரைபடத்திலிருந்து இது விலகல்தான். ஆனால் காஸ்ஹாக்கின் தொல்லைகளைப் பார்த்த ஒரு நிறுவனம் 1935-இல் எடுத்திருக்கக்கூடிய முடிவு என்றால் இதுதான் என்று நினைக்கிறேன்.

1/72-ஆ 1/48-ஆ என்ற விவாதத்துக்கு இங்கே நீண்ட பதில் தேவையில்லை. 1/48-இல் ஃபியூரி உடல் கிடைப்பது கடினம். ரெசின் பிரின்டர் இல்லாதவர் அங்கே போக வேண்டாம்.

வண்ணத்தில் ஒரு நுணுக்கம் மட்டும் பேச வேண்டும். அந்நாளைய வெள்ளி நிறம் பளபளக்கும் உலோகம் அன்று. துணியை வெயிலிலிருந்து காப்பதற்காக அலுமினியத் தூள் கலந்து அடித்த டோப் என்னும் துணிப்பூச்சு. எனவே துணிப் பகுதிக்கு டாமியா எக்ஸ்எஃப்-16 போன்ற மங்கிய அலுமினியத்தின் மேல் மெல்லிய அரைப்பளபளப்பு வார்னிஷ் போதும்; மூக்குத் தகடுகளுக்கு மட்டும் தனியாக மெருகேறும் உலோக வண்ணம் வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் மழைக்காலத்தில் லாக்கர் வண்ணங்களை அடித்தால் ஈரம் பட்டு வெளிறிப்போகும், ஆகவே அவற்றை வறண்ட நாளுக்கு ஒத்திவைக்கலாம். நீரில் கரையும் அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் உலோக மெருகு அதில் அவ்வளவு ஏறுவதில்லை.

1936 வாக்கில் ஃபியூரி பறந்த ஸ்குவாட்ரன்கள் 1, 25, 43 ஆகிய மூன்று. 43-இன் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டம் கண்ணைப் பறிக்கும். வளைந்த உடலில் அதை நேராக ஒட்டுவது கடினம், டீக்கால் (ஒட்டுப்படம்) சுருங்கும். 1-இன் சிவப்பு இணைப்பட்டைகளும் 25-இன் கறுப்பு இணைப்பட்டைகளும் மறைப்பு நாடா ஒட்டி ஏர்பிரஷ்ஷால் அடிக்கக்கூடியவை. நான் 25-ஐ எடுப்பேன். மற்ற இரண்டும் 1938-இல் ஹரிக்கேன் பெற்றுவிட்டதால் அவற்றின் கதை நிறைவானது, 25-க்கோ 1937-இல் டீமன்தான் கிடைத்தது. இதில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். ஃபியூரியில் இந்தப் பட்டைகள் மேல் இறக்கையில் ஒரு வட்டச்சின்னத்திலிருந்து மறு வட்டச்சின்னம் வரை தடையின்றி ஓடின. தாழ் இறக்கை விமானத்தில் நடுவே உடல் குறுக்கிடுகிறது. ஒற்றை இறக்கை ஹரிக்கேன்கள் மறைப்பு வண்ணத்தோடு வந்ததால் இதற்கு முன்னுதாரணமும் இல்லை. இறக்கை வேரிலிருந்து சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டுத் தொடங்கி, வட்டத்துக்குச் சற்று முன்பே பட்டைகளை நிறுத்துவதே சரி. வேர் வரை கொண்டுபோனால் பைலட் ஏறி இறங்கும் இடத்தில் வண்ணம் தேய்ந்து போயிருக்க வேண்டும், அந்தத் தேய்மானத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டிவரும். சுக்கானில் சிவப்பு வெள்ளை நீலப் பட்டைகள் போட வேண்டாம். அந்த வழக்கம் 1934-லேயே கைவிடப்பட்டது. புரொப்பல்லரின் மூக்குக் கூம்பில் மட்டும் ஃப்ளைட்டின் (ஸ்குவாட்ரனின் உட்பிரிவின்) நிறத்தைச் சேர்க்கலாம்: ஏ ஃப்ளைட்டுக்குச் சிவப்பு, பி ஃப்ளைட்டுக்கு மஞ்சள்.